பாலாபிஷேகம் கண்ட பூட்ஸ்

ஆவுடையப்பருக்கு ஒரே ஒரு கேள்விதான். அதைத் தினமும் கேட்பார்.

"அம்மா, நான் உங்களுக்கு எப்படிப் பணிவிடை செய்யணும்?"

உமையாள் அம்மா ஒருநாள், "அந்த வாளியைத் தள்ளி வைங்க, தடுக்குது" என்பார். இன்னொரு நாள், "ரசத்துக்குப் புளி ஊறப்போடுங்க" என்பார். ஆவுடையப்பர் வாளியைத் தள்ளி வைப்பார், புளியை ஊறப்போடுவார், மறுநாள் வந்து அதையே கேட்பார்.

வால்பாறைப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன தியான இல்லம் அது. அம்மாதான் குரு. வயது நாற்பத்தைந்து இருக்கும். சீடர் ஆவுடையப்பருக்கு அறுபது தாண்டிவிட்டது. பாளையங்கோட்டையில் கருவூல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்தவர். குரு சின்னவர், சீடர் பெரியவர். அதனால் என்ன? ஆவுடையப்பர் காலையில் காலில் விழுவார், மாலையில் விழுவார், நடுவில் காபி கொடுக்கும்போது இடமிருந்தால் அப்போதும் விழுவார். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் விழுவார். மனுஷர் தங்கம். ஆனால் தங்கத்தை வைத்துக்கொண்டு சோறு வடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

அம்மாவின் பாதங்களுக்கு உணர்ச்சி கிடையாது. சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை வியாதி. முள் குத்தினாலும் தெரியாது, கல் கிழித்தாலும் தெரியாது. போன மழைக்காலத்தில், கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. அம்மா அதோடேயே மலையேறி வந்து, தியானத்தில் உட்கார்ந்து, எழுந்தார். பாயில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அது புரையோடி இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கோயம்புத்தூர் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காதும்மா. காலையே எடுக்க வேண்டி வரும்."

"நடக்காம இருக்க முடியாதே டாக்டர்."

முடியாதுதான். கீழே பள்ளத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அங்கே பவுனம்மாள் என்று ஒருத்தி. மகனைப் பறிகொடுத்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. அம்மா வாராவாரம் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். இவரும் பேசமாட்டார், அவளும் பேசமாட்டாள். அம்மா வந்துபோன அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிடுகிறாள் என்று லைனில் சொல்வார்கள். போகிற வழியோ, முழுக்கச் சேறு, கட்டை, ரத்தம் உறிஞ்சும் அட்டை.

இந்தச் சமயத்தில்தான் ரெஹானா வந்தார். ஆம்பூர்க்காரர். தோல் பூட்ஸ் டிசைன் செய்கிறவர். அவர் பெயர் போட்ட பூட்ஸை வெளிநாட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிறார்களாம். மனசு ஒடிந்து கிடந்த ஒரு காலத்தில் அம்மாவிடம் வந்து தங்கிப் போனவர்.

வந்தது காலையில். அம்மாவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் செய்து தரத்தான் வந்தார், ஆனால் உடனே அளவு எடுக்கவில்லை.

"சாயங்காலம் எடுக்கிறேம்மா. பொழுது போகப் போகக் கால் வீங்கும். காலையில எடுத்த அளவு சாயங்காலம் கடிக்கும்."

"எனக்குக் கடிச்சாலும் தெரியாதே" என்றார் அம்மா.

"அதாம்மா என் பயமே. மத்தவங்க கால் கத்தும். உங்க கால் கத்தாது."

சாயங்காலம் அம்மாவை சாக்ஸோடு நிற்க வைத்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அளந்தார். உட்கார்ந்தால் ஒரு நீளம், நின்றால் ஒரு நீளமாம். பக்கத்தில் ஆவுடையப்பர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அளவு டேப்பைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்று ரெஹானா கேட்டது அவர் காதில் விழவில்லை.

பூட்ஸ் தயாராகி வந்தது. காபிக்கொட்டை நிறம். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒரு தையல் தட்டுப்படாது. கல்யாண வீட்டில் கொண்டுபோய் வைத்தாலும் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். அப்படி ஒரு அழகு.

ரெஹானா அதை ஆவுடையப்பர் கையில் கொடுத்துச் சொன்னார். "ஐயா, நீங்கதான் பார்த்துக்கணும். முதல்ல அரை மணி நேரம் போட்டு நடக்கட்டும். கழட்டினதும் கால்ல எங்கேயாவது செவந்திருக்கான்னு பாருங்க. செவந்திருந்தா அங்கே அழுத்துதுன்னு அர்த்தம். மழைக்கு முன்னாடி இந்த மெழுகைத் தடவுங்க. நனைஞ்சா உள்ளே பேப்பரைத் திணிச்சு நிழல்ல காயவைங்க. அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போயிடாதீங்க."

ஆவுடையப்பர் கைகூப்பியபடியே கேட்டுக்கொண்டார். கைகூப்பிக் கேட்டால் காது பாதி அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அம்மா சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் போய்ச் சில வாரங்கள் தங்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரித் தரைக்கு டாக்டர் கொடுத்த செருப்பே போதும். பூட்ஸ் மலையிலேயே இருந்தது.

"கவலையே வேண்டாம்மா. என் உயிரைப் போலப் பார்த்துக்குவேன்" என்றார் ஆவுடையப்பர்.

பார்த்துக்கொண்டார். எப்படி என்றால், முதல் நாளே ஒரு பலகையில் கோலம் போட்டு, பட்டுத்துணி விரித்து, பூட்ஸை அதன்மேல் ஏற்றிவிட்டார். இரண்டு முனையிலும் சந்தனம், குங்குமம். லேஸ் கட்டும் இடத்தில் ஒரு முழம் கதம்பம். குருவின் காலணி பாதுகை அல்லவா? பாதுகைக்குப் பூஜை உண்டல்லவா? கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடுத்து குரு பூர்ணிமா வந்தது. பால், தேன், பன்னீர், விபூதி என்று ஒன்று விடாமல் அபிஷேகம் செய்தார். பால் ஊற்ற வந்த தோட்டத்து மேஸ்திரி கொஞ்சம் தயங்கினார்.

"தோலுக்கா சாமி பால் ஊத்துறது?"

"ஏன், மிருதங்கம் தோல் இல்லையா? அதைக் கோயிலுக்குள்ளே கொண்டு போறது இல்லையா?"

மேஸ்திரி செம்பை எடுத்தார். ஊற்றிவிட்டுப் போனார்.

நனைந்ததை அடுப்புப் பக்கம் கொண்டு போகக் கூடாது என்று ரெஹானா சொன்னது ஆவுடையப்பருக்கு நன்றாக நினைவிருந்தது. அடுப்புப் பக்கமே போகவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குப் போடுவது போல, தூபக்காலில் தணல் அள்ளிப் போட்டு, சாம்பிராணி தூவி, பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் புகை காட்டினார். ஈரம் போகும் வரைக்கும் காட்டினார். பிறகு பட்டுத்துணியால் மூடிவைத்தார். வெளியே ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அம்மா திரும்பி வரும் நாள் காலையில் துணியை விலக்கினார்.

பூட்ஸ் மேலே வெள்ளை வெளேரென்று பூஞ்சை பூத்துக் கிடந்தது. திரிந்த பால் நாற்றம் வேறு. தொட்டுப் பார்த்தார், விறைத்துப் போயிருந்தது.

அவசர அவசரமாகத் துடைத்தார். மெழுகை அப்பித் தேய்த்தார். வெளியே பளபளப்பு வந்துவிட்டது. ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். பாவம், அந்த நிமிஷத்தில் நாமாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்போம்.

மத்தியானம் அம்மா வந்து இறங்கினார். தண்ணீர் குடித்த கையோடு, "பவுனம்மாளைப் பார்த்து எத்தனை வாரமாச்சு. பூட்ஸைக் கொண்டாங்க" என்றார்.

கொண்டுவந்து வைத்தார்.

அம்மா வலது காலை நுழைத்தார். கொஞ்சம் பிடித்தது. அழுத்தி நுழைத்தார். எழுந்து நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

மறுபடி உட்கார்ந்து அடுத்த பூட்ஸை எடுத்தார். அப்போதுதான் ஆவுடையப்பருக்கு உறைத்தது. நல்லாத்தான் இருக்கும்! தேயிலைக் கட்டை குத்தியபோதும் அம்மாவுக்கு நல்லாத்தான் இருந்தது.

"போடாதீங்க!"

அப்படி ஒரு அதட்டல். குருவைப் பார்த்துப் போட்ட முதல் அதட்டல். கூரையில் இருந்த காக்கை எழுந்து பறந்தது. அம்மா திகைத்துப் பார்ப்பதற்குள் ஆவுடையப்பர் தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்து மடியில் வைத்து, லேஸை அவிழ்த்து, பூட்ஸை உருவி எறிந்தார். சாக்ஸையும் உருவினார்.

குதிகாலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. நல்ல வேளை, கிழியவில்லை.

பூட்ஸுக்குள் கையை விட்டார். உள்தோல் காய்ந்து மடிந்து, அப்பள விளிம்பு மாதிரி விறைத்து நின்றது.

"இதோட நீங்க பள்ளத்துல இறங்கி ஏறியிருந்தா..." அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினார். பால், தேன், சாம்பிராணி, பூஞ்சை, காலையில் மறைக்கப் பார்த்தது, எல்லாம்.

"உங்க காலுக்கு நானே எமனாயிட்டேம்மா. என்னைப் போகச் சொல்லிடுங்க."

அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் பயம் வரும் என்பதை ஆவுடையப்பர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"நான் நின்னு பார்த்தேன், ஆவுடையப்பரே. நல்லா இருக்குன்னுதான் என் கால் சொல்லுச்சு."

"அது பொய் சொல்லுதும்மா."

"ஆமா. நீங்க போயிட்டா அது பொய் சொல்லுதுன்னு எனக்கு யாரு சொல்றது?"

அம்மா எழுந்துபோய்ப் போனை எடுத்து வந்தார்.

வீடியோ காலில் பூட்ஸைப் பார்த்ததும் ரெஹானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அல்லாவே! என்னய்யா ஊத்துனீங்க இதுல?"

"பாலும்மா. கொஞ்சம் தேன். பன்னீரு."

"வாழைப்பழம் போடலையா?"

"அது பிரசாதத்துக்கு..."

ரெஹானா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார். ஆவுடையப்பருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"செத்துப் போச்சாம்மா?"

"தோல் அவ்வளவு சுலபத்துல விடாதுய்யா. வெடிச்சிருந்தா நான் கை விட்டிருப்பேன். இது வெடிக்கலை. வெளியில கொண்டு போய்ப் பூஞ்சையைத் தட்டுங்க. வினிகர்ல தண்ணி கலந்து, துணியை முக்கிப் பிழிஞ்சு துடைங்க. பிழிஞ்சுன்னு சொன்னேன், ஊத்துங்கன்னு சொல்லலை. நிழல்ல காயட்டும். அப்புறம் நான் அனுப்புற க்ரீமைக் கொஞ்சமா எடுத்து விரலால தடவணும். உங்களுக்கு அவசரம் வந்தா தோலுக்கும் கோவம் வரும். அம்மா காலுக்குச் செஞ்ச மர அச்சு எங்கிட்ட இருக்கு, அதையும் அனுப்பறேன். உள்ளே போட்டு வைங்க, வடிவம் திரும்பும்."

"சரியாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்? நீங்க வந்து பார்ப்பீங்களா?"

"கைதான்யா சொல்லணும். தினம் பூஜை பண்ற கைதானே, இனிமே இதையும் பண்ணட்டும். பஞ்சு இருக்கா? பஞ்சை உள்ளே எல்லாப் பக்கமும் தேய்ச்சு எடுங்க. எங்கேயாவது இழை மாட்டுச்சுன்னா அங்கே கால் கிழியும்."

பார்சல் வந்தது. பிரித்தார் ஆவுடையப்பர். உள்ளே இரண்டு மரப் பாதங்கள். பார்க்கச் சாட்சாத் பாதுகை மாதிரியே இருந்தன. கை தானாகக் கும்பிடப் போயிற்று. சட்டென்று இறக்கிக்கொண்டார்.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இடது பாதம். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இருக்க வேண்டிய இடத்தில் மரம் சரிந்து வழுவழுவென்று முடிந்துவிட்டது. வெகுநேரம் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். விரல் எடுத்தது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவரே அவர்தான். ஆனால் அது இடது கால் என்பது அப்போதுதான் தெரிந்தது. எத்தனை தடவை விழுந்திருப்பார் அந்தக் காலில்! வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை.

அன்றிலிருந்து காலை பூஜை முடிந்ததும் பூட்ஸோடு உட்கார்ந்துவிடுவார். க்ரீம் தடவுவார். மர அச்சை மாட்டுவார். மறுநாள் கழற்றி, விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பஞ்சில் கொஞ்சம் பிய்த்து உள்ளே தேய்ப்பார். குதிகால் பக்கம் இழை மாட்டும். மறுபடி க்ரீம். மறுபடி அச்சு. மறுபடி பஞ்சு. அம்மா லைன் வீடுகள் இருக்கும் பள்ளத்தைப் பார்ப்பார், ஆவுடையப்பரைப் பார்ப்பார்.

"இன்னைக்குப் போகலாமா?"

"இழை மாட்டுதும்மா."

"அவ்வளவுதானே, ரெண்டு இழைதானே?"

"ஒரு இழை மாட்டினாலும் விடமாட்டேன்."

அம்மா உள்ளே போய்விடுவார். குருவைச் சீடர் இப்படித் தடுத்து நிறுத்துவதைப் பார்த்து மேஸ்திரிக்கே ஆச்சரியம்.

ஒருநாள் பஞ்சு முழுசாக வெளியே வந்தது.

ஆவுடையப்பர் நம்பவில்லை. வேறு பஞ்சு எடுத்தார். அதுவும் முழுசாக வந்தது. கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவை உட்கார வைத்து, சாக்ஸைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, பூட்ஸை மாட்டினார். முற்றத்தில் அரை மணி நேரம் நடக்க விட்டார். கழற்றிப் பார்த்தார். குதிகால், பெருவிரல், விரல் இல்லாத அந்த ஓரம், எல்லாம் பார்த்தார்.

"செவப்பு இல்லைம்மா! எங்கேயும் செவப்பு இல்லை!"

குழந்தை மாதிரிக் கத்தினார். அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"போயிட்டு வரட்டுமா?"

"மெழுகு தடவிக் கொடுக்கிறேன். அப்புறம் போங்க."

அம்மா இறங்கிப் போன பிறகு ஆவுடையப்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தியானத்தில் உட்கார்ந்தார், எழுந்தார். வாசலுக்கு வந்தார், உள்ளே போனார். மழை பிடித்துக்கொண்டது. எங்கே சறுக்கினாரோ, எங்கே குத்தியதோ என்று மனம் அடித்துக்கொண்டது. பஞ்சு பொய் சொல்லியிருந்தால்? தன் கையே பொய் சொல்லியிருந்தால்?

பொழுது சாயும் நேரத்தில் அம்மா மேலேறி வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"ஆவுடையப்பரே, பவுனம்மா பேசினா!"

"பேசினாளா? என்னம்மா சொன்னா?"

"நான் எப்பவும் போலப் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். அவ என் காலையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் முந்தானையை எடுத்து பூட்ஸைத் துடைச்சா. 'இம்புட்டு நல்ல செருப்பைச் சேத்துல போட்டுக்கிட்டு வரலாமாக்கா? ஒனக்கு அறிவு இருக்கா?'ன்னு திட்டினா. அப்புறம் அழுதா. அப்புறம் மகனைப் பத்திப் பேசினா. பேசிக்கிட்டே இருந்தா."

ஆவுடையப்பர் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பூட்ஸைக் கழற்றினார். ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தார். இடது பூட்ஸின் முனையில் ஆழமாக ஒரு கீறல். தேயிலைக் கட்டை ஒன்று நன்றாகவே பாய்ந்திருக்கிறது. தோலில் பாதி ஆழத்தோடு நின்றுவிட்டது.

சாக்ஸை உருவினார். அந்த இடத்துக்கு நேரே கால் அப்படியே இருந்தது. ஒரு சிவப்புக்கூட இல்லை.

அவருக்கு அப்போது வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது. கீறலைத் தடவினார், காலைப் பார்த்தார், மறுபடி கீறலைத் தடவினார். நெஞ்சு நிறைந்து, எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, விழுவதற்காகக் கண்களை மூடினார்.

"கண்ணைத் திறங்க" என்றார் அம்மா, காலை அவர் பக்கம் நீட்டி. "விரல் இடுக்கை நீங்க இன்னும் பார்க்கலை."